சந்தனம் பூசிய துரு

2024 மார்ச் 16 அன்று நாடாளுமன்றத் தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்தன. உரிமம் வைத்திருப்போர் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்ற வழக்கமான அறிவிப்பும் கூடவே வந்தது. எனக்கு அண்ணன் முறை வேண்டிய ஒருவர், காரைக்குடிக்குப் பக்கத்து ஊர்க்காரர், அவருடைய ஐயா காலத்து இரட்டைக்குழல் பன்னிரண்டு போர் துப்பாக்கியைத் தோல் உறையோடு தூக்கிக்கொண்டு என்னையும் துணைக்கு அழைத்துப் போனார். மேசையில் இருந்த ஏட்டு உறையைப் பிரித்ததும், "திறந்து காட்டுங்கய்யா" என்றார். அண்ணன் மேல் லீவரைத் தள்ளினார். நகரவில்லை. நான் தள்ளினேன். ஏட்டும் ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டுக் கையில் ஒட்டிய செம்பழுப்புத் தூளை மேசை ஓரத்தில் தேய்த்தார்.

"இதை நாங்க கழட்டுறதே இல்ல தம்பி. வருசா வருசம் எண்ணெய் மட்டும் விட்டு வச்சிருவோம்."

"அப்ப உள்ள தோட்டா இருக்கா இல்லையான்னு எப்படிய்யா தெரியும்?"

அண்ணனிடம் பதில் இல்லை. திறந்து எடுத்துக்கொண்டு வரச்சொல்லி அனுப்பிவிட்டார்கள். உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடை இருக்கும் பெரிய ஊருக்கு ஒன்றரை மணி நேரம் காரில் போனோம். கடைக்காரர் அதை மணல் நிரப்பிய பெட்டியின் பக்கம் திருப்பி வைத்து, கீலில் எண்ணெய் விட்டு, தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். சாயங்காலம் அது வாய் திறந்தது. வலது குழலில் ஒரு தோட்டா இருந்தது. காகிதக் கூடு ஊதி, பித்தளை அடி பாசிப் பச்சையாகி இருந்தது. யார் போட்டது, எந்த வருடம் போட்டது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஆயுத பூஜைதோறும் பிள்ளைகள் அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் பொரி தின்றார்கள். காரின் பின்சீட்டில் அதைக் கிடத்தி வந்தபோது குழல் யாருடைய முதுகைப் பார்த்துக் கிடந்தது என்று திரும்பி வரும் வழியில்தான் யோசித்தேன்.

இதை முதலில் சொல்லக் காரணம், எங்கள் பக்கத்தில் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் ஒரே குரலில் சொல்லும் ஒரு வாக்கியம்: "துப்பாக்கியை வீட்டில் கழற்றக் கூடாது." வெடித்துவிடும் என்பார்கள், சட்டம் விடாது என்பார்கள், மிஷின் கெட்டுவிடும் என்பார்கள், சுடாத துப்பாக்கிக்குச் சுத்தம் எதற்கு என்றும் கேட்பார்கள். இவை எல்லாம் எச்சரிக்கை என்ற பெயரில் உலவும் சோம்பல் என்பது என் கட்சி. உரிமம் உள்ளவர் தன் துப்பாக்கியை வீட்டிலேயே திறந்து, பிரித்து, துடைத்து, மறுபடி பூட்டத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் கையில் அது இருப்பதுதான் ஆபத்து.

இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு என்பதை மறுக்கவில்லை. சிவகங்கைச் சீமையில் ஆயுதம் என்றால் ஒப்படைக்க வேண்டிய பொருள் என்ற நினைப்பு இருநூறு ஆண்டுக்கும் மேல் பழையது. 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட கும்பெனி, அந்த டிசம்பரிலேயே இந்தச் சீமைகளின் ஆயுதங்களைக் களையும் அறிவிப்பை வெளியிட்டது. பிறகு 1878இன் ஆயுதச் சட்டம், அதற்குப் பின் 1959இன் சட்டம். சர்க்கார் எப்போது வேண்டுமானாலும் கேட்கும், நாம் கொடுத்துவிட வேண்டும் என்று பழகிய கைகளுக்கு, அந்தப் பொருளைத் திறந்து பார்க்கும் உரிமை நமக்கு உண்டா என்ற சந்தேகம் வருவது இயல்புதான். அந்தச் சந்தேகம் தலைமுறை தாண்டி விதியாகிவிட்டது.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் அதிகம் இல்லை. 1959 சட்டத்தின் 5ஆம் பிரிவு தயாரித்தல், விற்றல், மாற்றியமைத்தல், பழுதுபார்த்தல், சோதித்தல் போன்றவற்றுக்குத் தனி உரிமம் கேட்கிறது. குழலை வெட்டிக் குறைப்பதை 6ஆம் பிரிவு தனியாகக் கட்டுப்படுத்துகிறது. துடைத்தல் அந்தப் பட்டியலில் இல்லை. தையல் மிஷினுக்கு எண்ணெய் விடுபவர் மெக்கானிக் ஆகிவிடமாட்டார். ஸ்ப்ரிங் மாற்றுவது, குழலின் நசுங்கலை எடுப்பது, ஊசியை ராவுவது ஆகியவை பழுதுபார்த்தல். அதற்குக் கடைக்காரர் இருக்கிறார். போதாததற்கு, அரசாங்கமே பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுக்கிறது. கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்த யாரையாவது கேளுங்கள். பாயிண்ட் டூ டூ ரைஃபிளைப் பிரித்துப் பூட்டும் பாடத்தை, 'கோல்னா, ஜோட்னா' என்று இந்தியிலேயே மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்ததும், உரிமம் வைத்திருக்கும் அவன் அப்பச்சி "அதைத் தொடாதே" என்கிறார். பிள்ளை தொடக்கூடாது என்பது சரி. அப்பச்சியும் தொடுவதில்லையே, அதுதான் தகராறு.

இனி துரு. காரைக்குடிக்காரருக்குத் துருவைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியிருப்பது ஒரு வேடிக்கை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் ஊரில்தான் இருக்கிறது. ஊர்க்காரர் வாயில் அது 'செக்ரி'. இரும்பு எப்படி அரிக்கப்படுகிறது என்பதே அதன் முக்கியமான ஆராய்ச்சிகளில் ஒன்று. மண்டபம் என்ற கடலோர ஊரில், கடற்காற்றில் உலோகத் தகடுகளை நிறுத்திவைத்து வருடக்கணக்கில் பார்க்கிறார்கள். இந்தியாவில் எந்த ஊரில் அரிப்பு எவ்வளவு என்று வரைபடமே போட்டவர்கள். அந்த மதிலுக்கு வெளியே நாம், சுடாத துப்பாக்கி துருப்பிடிக்காது என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

துருவுக்கு வெடிமருந்து தேவையில்லை. இரும்பும் காற்றும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் நீரும் போதும். காற்றின் ஈரப்பதம் சுமார் அறுபது விழுக்காட்டைத் தாண்டினால் வேலை வேகம் பிடிக்கும். உப்பு இருந்தால் அதற்கும் கீழேயே தொடங்கிவிடும். நம் ஊர் வறண்ட ஊர்தான், சித்திரையில் வளவில் காயப்போட்ட வற்றல் மதியத்துக்குள் சலசலக்கும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அதே வளவில் நாள் முழுக்கத் தண்ணீர் சொட்டும். இரண்டாங்கட்டு அறைகளில் மூடிய அலமாரிக்குள் பருத்திப் புடவையே முக்கல் வாடை அடிக்கும். அந்த அலமாரியில்தான் துப்பாக்கியும் இருக்கிறது, அதுவும் தோல் உறைக்குள். பதனிட்ட தோலில், பதனிடும்போது சேர்ந்த உப்பும் அமிலமும் மிச்சமிருக்கும். ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தோல் உறை பயணத்துக்கு. வருடம் முழுக்க அதற்குள் வைப்பது ஈரத்துணியில் சுற்றி வைப்பதற்குச் சமம்.

இதற்கு மேல் நாம் செய்யும் மரியாதை ஒன்று இருக்கிறது. ஆயுத பூஜை. அரைத்த சந்தனத்தைக் குழலின் மேல் வைத்து, அதன் நடுவில் குங்குமம். சந்தனம் நீரில் குழைத்தது. குங்குமம் மஞ்சளோடு சுண்ணாம்புக் காரம் சேர்ந்தது. பூஜை முடிந்து இரண்டு நாள் கழித்து, காய்ந்த பொட்டை நகத்தால் சுரண்டி எடுக்கிறோம். குழலின் கருநீலம் வண்ணப்பூச்சு என்று நினைப்பவர்கள் உண்டு. அதுவும் இரும்பின் ஆக்சைடுதான். கெட்ட துருவைத் தடுக்க வேண்டுமென்றே ஏற்றிய நல்ல துரு என்று சொல்லலாம், மிக மெல்லிய படலம். பத்து வருடச் சந்தனம் வைத்த இடத்தில் அந்தப் படலம் போய், கட்டைவிரல் அகலத்தில் ஒரு பழுப்பு வட்டம் இருக்கும். பழைய துப்பாக்கிகளின் மேல் அந்த வட்டத்தைப் பார்த்தாலே பூஜை தவறாத வீடு என்று சொல்லிவிடலாம்.

"எண்ணெய் விடுகிறோமே" என்பார் அண்ணன். என்ன எண்ணெய்? தேங்காயெண்ணெய். தலைக்கு நல்லது, பலகாரத்துக்கு நல்லது. நாள்பட்டால் காற்றுப் பட்டுக் காறிப் பிசுபிசுக்கும். மார்கழி விடியலில் உறையும். அதில் தூசி ஒட்டி, கீலிலும் லீவரிலும் களிம்பாகி இறுகும். தையல் மிஷின் எண்ணெய் எவ்வளவோ மேல். அதைவிட, எந்த எண்ணெயாக இருந்தாலும் அழுக்கின் மேல் விட்டால் அழுக்கைப் பூட்டி வைப்பதுதான் நடக்கும். பழைய தோட்டாக்களின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்தபின் குழலில் படிவது பொட்டாசியம் குளோரைடு, நம் அடுக்களை உப்புக்கு ஒன்றுவிட்ட தம்பி. அது எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால்தான் அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் குழலில் கொதிநீர் ஊற்றிக் கழுவி, சூட்டிலேயே காயவிட்டு, பிறகு எண்ணெயைத் தொட்டார்கள். இப்போதைய தோட்டாக்களில் அந்த உப்பு இல்லை. அதற்குப் பதில் பிளாஸ்டிக் அடைப்பின் மெழுகும் ஈயத்தின் கறையும் தங்குகின்றன. கழுவும் வழக்கம் வீட்டில் மறைந்துபோயிற்று, எண்ணெய் விடும் சடங்கு மட்டும் மிஞ்சிற்று.

இவ்வளவும் பேசியபின் எதிர்க்கட்சியின் பெரிய பீரங்கி வரும்: "இரட்டைக்குழலாவது பரவாயில்லை, செமி-ஆட்டோமேட்டிக் எல்லாம் உள்ளே முழுக்க மிஷின். அதை வீட்டில் கழற்றினால் திரும்பச் சேராது." உண்மை இதற்கு நேர் எதிராக இருக்கிறது என்பதுதான் இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த பகுதி.

நம் வட்டாரத்தில் செமி-ஆட்டோ ஷாட்கன் அபூர்வம். அதற்கு உரிமம் எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் அதன் வடிவமைப்பைப் பாருங்கள். ஒவ்வொரு வெடிக்கும் தானே கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுகிற பொறி அது. அந்த வேலைக்கான சக்தியை வெடிப்பிலிருந்தே எடுப்பதால் கரி அதன் வயிற்றுக்குள்ளேயே சேரும். இதை அறிந்துதான் அதைப் பயன்படுத்துகிறவரே கையால் பிரிக்கும்படி செய்திருக்கிறார்கள். மேகசின் குழாயின் நுனி மூடியைத் திருகினால் முன்கட்டை கழன்று வரும். குழல் உருவிக்கொண்டு வரும். போல்ட்டின் கைப்பிடியை இழுத்தால் போல்ட்டும் வந்துவிடும். பல மாடல்களில் விசைத் தொகுப்பு முழுசும் ஒன்றிரண்டு முளைகளில்தான் நிற்கிறது. அவற்றைத் தள்ளினால் ஒரே கட்டியாகக் கையில் இறங்கும். அதற்கு மேல் அதைப் பிரிக்க வேண்டியதில்லை, ஊதித் துடைத்தால் போதும். குழல் தனியே வந்துவிடுவதால் கம்பியைத் தோட்டா அறைப் பக்கமிருந்து விட்டு, குழல்வாய் தேயாமல் சுத்தம் செய்யலாம்.

அதில் எண்ணெய் மிகுவது அழுக்கைவிட மோசம். 1963இல் வந்த ரெமிங்டன் 1100ஐ எடுத்துக்கொள்ளுங்கள். குழலின் அடியில் இருக்கும் சிறு துளை வழியாக வெடிவாயு இறங்கி, மேகசின் குழாயைச் சுற்றியுள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது. அங்கே எண்ணெய் குளமாக நின்றால் எரியாத மருந்தும் கரியும் சேர்ந்து தார் ஆகிவிடும். மூன்றாவது தோட்டாவில் போல்ட் பாதி வழியில் நின்றுவிடும். அங்கேயே ஒரு சிறிய ரப்பர் வளையம் உண்டு. பழைய வளையம் வெடித்துப்போனாலோ, சுத்தம் செய்தவர் அதைத் திரும்பப் போட மறந்தாலோ, வாயு கசிந்து பொறி வேலை செய்யாது. 'மிஷின் போச்சு' என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு அந்த ஒரு வளையம் போதும். ஜான் பிரௌனிங் 1900இல் காப்புரிமை பெற்ற ஆட்டோ-5 வேறு சாதி. அதில் வாயு இல்லை, குழலே பின்வாங்கும். அதன் பிரேக் என்பது மேகசின் குழாயில் உரசும் வளையங்கள். கனத்த தோட்டாவுக்கு அவற்றை ஒருவிதமாகவும் லேசான தோட்டாவுக்கு வேறுவிதமாகவும் அடுக்க வேண்டும். அடுக்கு தவறினால் ஒவ்வொரு வெடிக்கும் குழல் சுத்தியல்போல் வந்து மோதி முன்கட்டையைப் பிளக்கும். அதாவது, அந்தத் துப்பாக்கியைக் கழற்றத் தெரியாதவரால் அதைச் சரியாகச் சுடவே முடியாது.

எளிமையாகத் தெரியும் நம் இரட்டைக்குழலுக்குள்தான் தொடக்கூடாத சங்கதி இருக்கிறது. பக்கத்தகடுகளுக்குப் பின்னால் இறுக மடக்கிய பட்டை ஸ்ப்ரிங்குகள் காத்திருக்கின்றன. அவற்றின் திருகுகள் ஒவ்வொன்றும் அதனதன் துளைக்கென்றே செதுக்கியவை. சாதாரணத் திருப்புளி அந்தத் தலைகளைச் சிதைத்துவிடும். அங்கே கைவைக்காதீர்கள். அந்த அளவில் ஊர்ப் பேச்சு சரி. ஆனால் ஊர்ப் பேச்சு எல்லையைத் தவறான இடத்தில் போட்டிருக்கிறது. முன்கட்டையை எடுத்து, குழல்களை உடலிலிருந்து பிரிப்பதற்குத் திருப்புளியே வேண்டாம். துருவேறாத துப்பாக்கியில் அதற்கு அரை நிமிடம்.

அப்படிப் பிரித்தால் கிடைக்கும் இன்னொன்று, குழலடியின் தட்டைப் பகுதி. பூட்டியிருக்கும்போது கண்ணில் படாத அந்த இடத்தில்தான் இங்கிலாந்துத் துப்பாக்கிகளின் சோதனை முத்திரைகள் இருக்கின்றன: லண்டனா பர்மிங்காமா, கரிமருந்துக்கு மட்டும் சோதித்ததா, புகையில்லா மருந்துக்கும் சோதித்ததா என்று. பழைய பன்னிரண்டு போர்களில் தோட்டா அறை பெரும்பாலும் இரண்டரை அங்குலம். இன்று கடையில் இரண்டேமுக்கால் அங்குலத் தோட்டா தாராளமாகக் கிடைக்கிறது. அது உள்ளே போய் உட்கார்ந்துவிடும், கதவும் மூடிக்கொள்ளும். வெடிக்கும்போதுதான் மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். துப்பாக்கியைக் கழற்றவே கழற்றாத வீட்டுக்காரர் அந்த முத்திரையை ஒருநாளும் பார்த்திருக்கமாட்டார். ஐயா அதை வாங்கிய விலை தெரியும், அன்று பவுன் என்ன விலை என்பதும் தெரியும்.

செய்தித்தாளில் வருகிறதே, 'துப்பாக்கியைச் சுத்தம் செய்தபோது தவறுதலாக வெடித்தது' என்று? அந்த வரியை நானும் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றுவது, அந்த மனிதர் சுத்தம் செய்ய இன்னும் தொடங்கவில்லை என்பதுதான். சுத்தத்தின் முதல் வேலை தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்ப்பது. இரட்டைக்குழலில் இரண்டு அறைகள். செமி-ஆட்டோவில் மேகசின் குழாயும் தோட்டா அறையும் தனித்தனி. குழாயைக் காலி செய்தவர் அறையில் ஒன்று மிச்சமிருப்பதை மறப்பதுதான் பழைய கதை. தோட்டாக்கள் வேறு அறையில், பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். பிள்ளைகள் இருக்கக்கூடாது, விருந்தாளிகளும், அரட்டையும், மாலையில் ஊற்றிக்கொள்ளும் சமாச்சாரமும் கூடாது. உடலிலிருந்து பிரித்துக் கோரைப்பாயில் கிடத்திய குழல் வெறும் இரும்புக் குழாய். அதை வெடிக்கவைக்க யாராலும் முடியாது. கழற்றுவதால் விபத்து என்கிறவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம். வீட்டில் அந்தத் துப்பாக்கி உண்மையாகவே பத்திரமாக இருக்கும் நேரம் அது கழன்று கிடக்கும் நேரம்தான்.

நம் ஊரில் இதைச் சரியாகச் செய்கிறவர்கள் இல்லாமல் இல்லை. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் ஒரே நாளில் தொடங்கினார். வங்கி வாசலில் துப்பாக்கியோடு ஒருவர் நிற்பதை இந்த ஊர் நெடுநாளாகப் பார்த்து வருகிறது. இன்றைய காவலாளிகள் பெரும்பாலும் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். அவர்களில் ஒருவர் மதியச் சாப்பாட்டுக்குப் பின் குழலைப் பிரித்து, புல்-த்ரூ கயிற்றில் துண்டுத் துணியைக் கோத்து இழுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர் அதைக் கடைசியாக எப்போது சுட்டார் என்று கேட்டேன். "இந்தத் துப்பாக்கியிலயா? சுட்டதே இல்ல சார்" என்றார்.

அவரிடம் கற்றுக்கொண்ட ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் தொட்டுத் துடைத்தபின் துப்பாக்கியை உடனே நிமிர்த்தி வைக்கக்கூடாது. குழல்வாய் கீழே இருக்கும்படி ஓரிரவு சாய்த்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மிச்ச எண்ணெய் வழிந்து கட்டையின் தலைக்குள் இறங்கி மரத்தைக் கறுக்கவைத்து ஊறவைத்துவிடும்.

தேர்தல் முடிவு ஜூன் 4 அன்று வந்தது. நடத்தை விதிகள் விலகியதும் அண்ணன் தன் துப்பாக்கியை வாங்கிவந்தார். எண்பது நாளுக்கு மேல் நிலையத்தின் அலமாரியில் நின்றிருக்கிறது; ஒப்படைப்பதற்கு முன் கடைக்காரர் துடைத்துப் பூசிக் கொடுத்திருந்ததால் புதிதாக ஒன்றும் சேரவில்லை. 2019லும் 2021லும் அதே அலமாரியில் எந்த நிலையில் நின்றிருக்கும் என்று எண்ணிப் பார்க்க எங்களுக்கு மனம் வரவில்லை. வந்த அன்று இரவே பட்டாலையில் பழைய வேட்டியை விரித்து, அவரே கழற்றினார். முதல்முறை என்பதால் முன்கட்டையைப் பிடித்த கை நடுங்கிற்று. இரண்டாம் முறை நடுங்கவில்லை.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. அண்ணன் துப்பாக்கியைப் பிரித்து, குழல்களைத் தனியாகவும் கட்டையைத் தனியாகவும் வெள்ளைத்துணியில் வைத்திருந்தார். சந்தனமும் குங்குமமும் அதன் மரப்பெட்டி மூடியில். அவருடைய ஆத்தாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஆயுதத்துக்குப் பொட்டு வைக்காம பொட்டிக்கு வைக்கிறது என்ன பூசைடா?" என்று முணுமுணுத்தார்கள். பிறகு என்ன தோன்றிற்றோ, குழல்களைக் கையில் வாங்கி, வளவின் வெளிச்சத்தைப் பார்த்துத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்கள்.

"இடது பக்கம் வெள்ளித் தம்ளர் மாதிரி இருக்கு. வலது பக்கம் ஏன் அம்மை போட்ட மாதிரிக் குழிகுழியா இருக்கு? தொடைக்கலையா?"

"தொடைச்சாச்சு ஆத்தா. அது போகாது."